காட்டுக் கொம்பன் ஆந்தையும் ஒரு தான்றி மரமும்

நெசவாளர்களும் விவசாயிகளும் அங்கத்தினர்களாக உள்ள நமது சங்கங்களின் மாத இதழில் ஓர் ஆந்தையைப் பற்றிய பாடம் இடம்பெறுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். பங்குத் தொகை, கடன் தவணை, நூல் இருப்பு, விளைபொருள் விற்பனை என்று எழுதிப் பழகிய கூட்டுறவு ஆய்வாளன் ஒருவன் இதனை எழுதுவது அதனினும் வியப்பு. ஆயினும், ஒரு சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்த நான்கு வரிகளே என்னை இப்பறவையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் மிளகும் காப்பியும் பயிரிடுவோரின் சிறு சங்கம் ஒன்று உளது. ஒரு மார்கழி மாதத்தில் அதனைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலை முடியுமுன் கடைசிப் பேருந்து சென்றுவிட்டமையால், கிடங்கை ஒட்டிய அறையிலேயே இரவைக் கழிக்க நேர்ந்தது. நள்ளிரவுக்குப் பின்னர், மலைச்சரிவின் மேற்புறத்திலிருந்து ஆழ்ந்த குரல் ஒன்று எழுந்தது. குடத்திற்குள் வாயை வைத்து ஒருவர் முனகுவதைப் போன்ற ஒலி, சிறிது இடைவெளி, மீண்டும் அதே ஒலி. பின்னர், எதிர்பாராத விதமாக, ஏறி இறங்கும் நீண்ட அலறல் ஒன்று. என் கையிலிருந்த கணக்குப் புத்தகம் நழுவி விழுந்தது என்று எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

கிடங்குக் காவற்காரராகிய முதியவர் கதவருகே வந்து நின்றார். "ஐயா, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். அது பேய் மரத்து ஆந்தை. மூன்று இரவு தொடர்ந்து கூப்பிட்டால் ஊரில் ஒரு தலை போகும்" என்றார்.

"நீங்கள் அதனைக் கண்டதுண்டா, பெரியவரே?" என்று வினவினேன்.

"அந்தி நேரத்தில் ஒரு முறை கண்டேன். தலையில் இரண்டு கொம்பு. உடம்பு ஒரு பெரிய சேவலைக் காட்டிலும் பெரிது. மனிதனைப் போல நேருக்கு நேர் பார்த்தது, ஐயா."

மறுநாட் காலையில் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான், பெரியவர் குறிப்பிட்ட 'பேய் மரம்' எதுவென்று விளங்கிற்று. சங்க நிலத்தின் வடவெல்லையில் நிற்கும், உட்பொந்து விழுந்த பழைய தான்றி மரத்தைப் பெட்டிப் பலகைக்கு விற்றுவிடுவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டிருந்தது. தான்றியில் பேய் குடியிருக்கும் என்பது நாட்டில் நெடுநாளாக உள்ள நம்பிக்கை. மரத்தை விற்றால் சிறு தொகை கிடைக்கும். ஆந்தையின் தொல்லையும் ஒழியும் என்பது நிர்வாகக் குழுவின் கருத்து. "ஒரு செலவில் இரண்டு காரியம்" என்று செயலாளர் மகிழ்ச்சியுடன் கூறினார்.

அன்றும் அங்கேயே தங்கினேன். மாலையில் பெரியவருடன் சென்று, மரத்திற்கு நெடுந்தொலைவில் ஒரு பாறையின் மறைவில் அமர்ந்திருந்தேன். இருள் கவியும் வேளையில், உயர்ந்ததொரு கிளையில் மரத்தின் முண்டு போல் இருந்த ஒன்று தலையைத் திருப்பியது. அது காட்டுக் கொம்பன் ஆந்தை என்பதை ஊர் திரும்பிப் பறவை நூல்களைப் புரட்டிய பின்னரே உறுதி செய்துகொண்டேன். அந்நூல்களிலிருந்து கற்றதையும், கண்ணாற் கண்டதையும் இங்கே தருகிறேன்.

இந்தியத் துணைக்கண்டத்தின் காடுகளில் வாழும் ஆந்தைகளுள் மிகப் பெரியனவற்றுள் இஃது ஒன்று. அலகு நுனி முதல் வால் நுனி வரை 50 முதல் 65 செ.மீ. வரை நீளமும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையும் உடையது. ஆந்தைகளுள் பெரும்பாலும் பெண்ணே ஆணைவிடப் பெரிது. முதுகும் இறக்கையின் மேற்புறமும் கரும்பழுப்பு. அடிப்புறத்தை நெசவாளர்களுக்கு விளக்குவது எளிது. சற்றே மங்கிய வெள்ளைப் பருத்தித் துணியில், கரும்பழுப்பு நூலால், அம்பு முனையைப் போலவும் இதயத்தைப் போலவும் வரிசை வரிசையாகப் புட்டா போட்டாற்போன்ற வயிறு. மார்புப் பகுதியில் அப்புட்டாக்கள் நெருங்கிக் குறுக்குப் பட்டைகளாக மாறிவிடுகின்றன. வாலிலும் இறக்கையிலும் பட்டைகள் உள்ளன. அலகு மஞ்சள். கால்களில் விரல்வரை இறகு மூடியிருக்கும்.

தலையின் இருமருங்கும் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட இறகுக் கற்றைகளே மக்கள் 'கொம்பு' என்றும் 'காது' என்றும் கருதுபவை. அவை கொம்புமல்ல, காதுமல்ல, வெறும் இறகுகள். உண்மையான செவித்துளைகள் முகத்தின் இருபுறமும் இறகுகளுக்கடியில் மறைந்துள்ளன. இதனை நான் வற்புறுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பெரியவரை அச்சுறுத்திய பார்வைக்கும் காரணம் எளிதே. ஆந்தையின் கண்கள் முகத்தின் முன்புறத்தில் நம் கண்களைப் போன்றே அமைந்துள்ளன. ஆனால் குழிக்குள் அசையமாட்டா. பக்கத்தில் உள்ளதைக் காண வேண்டுமாயின் தலையையே திருப்ப வேண்டும். மனிதனின் கழுத்தில் 7 எலும்புகள். ஆந்தையின் கழுத்தில் 14. ஆகையால் அது தன் தலையை ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்ப வல்லது. முழுவதும் சுற்றிவிடும் என்று சிலர் கூறுவது மிகை.

கண்ணின் நிறம் கொண்டே இப்பறவையை மற்றவற்றினின்றும் பிரித்தறியலாம். நமது வறண்ட பாறைக் குன்றுகளிலும் ஓடைக்கரைகளிலும் வாழும் கொம்பன் ஆந்தைக்குக் கண்கள் செம்மஞ்சள் நிறம். நீர்நிலையோரங்களில் வாழும் மீன் ஆந்தைக்குக் கண்கள் மஞ்சள். காலில் இறகு இராது. காட்டுக் கொம்பன் ஆந்தைக்கோ கண்கள் கரும்பழுப்பு. பழுப்பு நிறக் காட்டு ஆந்தை என்று மற்றொன்று உண்டு. அதற்கும் கண் கருமையே. ஆனால் அதன் தலையில் இறகுக் கற்றை கிடையாது.

நான் கண்ட பறவை கிளையை விட்டுப் புறப்பட்டபோது எவ்வித ஓசையும் எழவில்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழியொன்று கூரையினின்று குதித்தால் தெருவே அறியும். ஆந்தையின் இறகமைப்பே இந்த அமைதிக்குக் காரணம். இறக்கையின் முன் விளிம்பில் சீப்பின் பற்களைப் போன்ற நுண்ணிய அமைப்பு உள்ளது. பின் விளிம்பில், தறியினின்றும் அறுத்த துணியின் முனையில் நூல்கள் பிரிந்து தொங்குவதைப் போலக் குஞ்சம் அமைந்துள்ளது. மேற்பரப்போ வெல்வெட்டைப் போன்ற மென்மயிர்ப் பரப்பு. இம்மூன்றும் சேர்ந்து காற்றின் இரைச்சலை அடக்கிவிடுகின்றன. விமான இறக்கைகளிலும் காற்றாலைகளிலும் ஓசையைக் குறைப்பதற்கு அறிவியலார் இவ்வமைப்பை ஆராய்ந்து வருகின்றனர்.

இப்பறவை முதன்முதலில் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமானது நேபாளத்திலிருந்து. காத்மாண்டில் ஆங்கிலேயக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த பிரயன் ஹாட்ஜ்சன் என்பவர் 1836 ஆம் ஆண்டில் இதனை விவரித்து 'நிபாலென்சிஸ்' என்ற பெயரைச் சூட்டினார். உத்தியோகக் கோப்புகளுக்கிடையே பறவைகளையும் கவனித்த அம்மனிதரிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு. இமயமலையின் அடிவாரம் முதல் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் வரை உள்ள காடுகளிலும், வடகிழக்கு மாநிலங்கள், மியன்மார், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் ஆகிய பகுதிகளிலும் இது வாழ்கிறது. இடையில் நெடுந்தூரம் காணப்படாமல், பின்னர் நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மீண்டும் காணப்படுகிறது. செறிந்த ஈரக்காடு இல்லாத இடத்தில் இதற்கு வாழ்வில்லை.

இலங்கையில் வாழ்வது உருவத்தில் சற்றுச் சிறிய வகை. அதற்கு 1878 ஆம் ஆண்டில் லெக் என்னும் பறவை ஆராய்ச்சியாளர் 'பிளைகி' எனப் பெயரிட்டார். அங்கே காப்பித் தோட்டம் நடத்திய சாமுவேல் பிளை என்பவரின் நினைவாக அமைந்த பெயர் அது. காப்பி பயிரிடும் நமது அங்கத்தினர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம். இலங்கைச் சிங்களக் கிராமங்களில் 'உலமா' என்றொரு பறவையைப் பற்றிய கதை வழங்குகிறது. குழந்தையைப் பறிகொடுத்த தாயொருத்தி புலம்பிக்கொண்டே காட்டிற்குள் ஓடிப் பறவையானாள் என்பர். அதன் குரலைக் கேட்பது மரணத்திற்கு அறிகுறி என்றும் அஞ்சுவர். அக்குரலுக்கு உரியது எப்பறவை என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. காட்டுக் கொம்பன் ஆந்தையே அது என்பது இன்று பலரும் கொண்டுள்ள கருத்து. நள்ளிரவில் அவ்வலறலைக் கேட்டவன் என்ற முறையில் எனக்கு அதில் ஐயம் எழவில்லை. நமது முன்னோரும் ஆந்தையைச் சுடுகாட்டோடு சேர்த்தே நினைத்தனர். புறநானூற்றுப் புலவர் ஒருவருக்குக் கூகைக்கோழியார் என்ற பெயர் அமைந்ததும் அவ்வாறான பாட்டொன்றினாலேயே ஆகும்.

இனி உணவு. இங்கே என் மனத்தில் ஒரு சங்கடம் உண்டு. அதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆந்தைகளைப் பற்றி விவசாயிகளுக்கு எழுதுவோர், 'எலிகளைத் தின்பதால் ஆந்தை உழவனின் நண்பன்' என்று தொடங்குவது வழக்கம். வயலில் எலி பிடிக்கும் வெண்ணிறக் கூகைக்கு அது முற்றும் பொருந்தும். வயலில் பறவைத் தாங்கிக் குச்சிகள் நட்டு ஆந்தைகளை வரவேற்பது நல்ல முறையே. ஆனால் காட்டுக் கொம்பன் ஆந்தையின் பெயரில் அந்த வரவை எழுதினால் அது பொய்க் கணக்காகும்.

இப்பறவையின் வேட்டை பெரும் வேட்டை. காட்டுக்கோழி, கிளையில் உறங்கும் மயில், முயல், புனுகுப் பூனை ஆகியவற்றைப் பிடிக்கிறது. நரியையும், கேளையாட்டின் குட்டியையும் பிடித்ததாகப் பறவையியலார் பதிவு செய்துள்ளனர். உடும்பு, பாம்பு, மீன் ஆகியவற்றையும் உண்ணும்; இறந்து கிடக்கும் விலங்கின் இறைச்சியையும் வெறுப்பதில்லை. தன்னைவிட எடை மிகுந்த மயிலை அது வெல்வதற்குக் காரணம் கால்களின் வலிமையும், இரவு என்னும் காலமும் ஆகும். பகலில் அதே ஆந்தையைக் காக்கைகளும் சிறு பறவைகளும் சூழ்ந்து துரத்தும். வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் காக்கையையும் கூகையையும் உவமை கூறியது இந்த இயற்கையைக் கண்டறிந்தே.

எலும்பு, மயிர், இறகு முதலிய செரிக்காத பகுதிகளை ஆந்தை உருண்டையாகத் திரட்டி வாய்வழியே வெளியே தள்ளிவிடும். தான்றி மரத்தடியில் அத்தகைய உருண்டை ஒன்றைப் பெரியவர் எடுத்து வந்தார். குச்சியால் பிரித்துப் பார்த்ததில் முயலின் மயிரும், சிறு தாடை எலும்பொன்றும் இருந்தன. ஊரில் அதுவரை அவ்வுருண்டைகளைப் பேய் துப்பியவை என்று கருதியிருந்தனர். காட்டை ஒட்டிய வீட்டில் கூண்டுக்கு வெளியே மரத்தில் அடையும் கோழியை இப்பறவை எடுத்துச் செல்லவும் கூடும். அதற்குப் பரிகாரம் அந்திக்கு முன்னர்க் கோழிகளைக் கூண்டில் அடைத்தலே. காட்டுப்பூனைக்கும் கீரிக்கும் அஞ்சி எப்படியும் செய்ய வேண்டிய காரியந்தான் அது.

மயில்களால் தானியமும் காய்கறியும் சேதப்படுவதாகப் புலம்பும் விவசாயிகள் இன்று பலர். அவர்களுக்கு இந்த ஆந்தை துணை செய்யுமா என்று ஓர் அங்கத்தினர் என்னிடம் வினவினார். சமவெளி வயல்களில் வாழும் மயிலை அடர்காட்டில் வாழும் ஆந்தை எவ்வாறு குறைக்கும்? காட்டிற்குள் அதன் தொழிலை அது செய்கிறது என்பதற்கு மேல் நான் உறுதி கூறவில்லை.

இனப்பெருக்கமே இப்பாடத்தின் முக்கியப் பகுதி. தென்னிந்தியாவில் டிசம்பர், ஜனவரி மாதங்களிலும், இமயமலைப் பகுதியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும், இலங்கையில் ஏப்ரல், மே மாதங்களிலும் முட்டையிடுகிறது. மற்ற ஆந்தைகளைப் போலவே இதுவும் கூடு கட்டத் தெரியாத பறவை. பெரிய மரத்தின் பொந்து, கழுகோ வல்லூறோ கட்டிக் கைவிட்ட பழைய கூடு, பாறைப் பிளவு, குகைத் திண்ணை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். முட்டையின் அடியில் பஞ்சோ புல்லோ விரிப்பதும் இல்லை.

இடும் முட்டை ஒன்றே. வெண்மையானது, உருண்டைக்கு நெருங்கிய நீள்வட்ட வடிவம், ஏறத்தாழ 6 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உடையது. குஞ்சு வெண்மை கலந்த வெளிர் நிறத்தில் மெல்லிய பட்டைகளோடு வளரும். அதனைக் காண்போர் வேறு ஜாதிப் பறவை என்றே எண்ணுவர். கூட்டை நெருங்கும் மனிதர்மீது தாயும் தந்தையும் அச்சமின்றிப் பாய்வதாகக் கண்டோர் எழுதியுள்ளனர். மரமேறித் தேனெடுப்போர் இதனை நினைவில் வைத்தல் நன்று.

ஒரே முட்டை என்பதன் பொருளை அங்கத்தினர்கள் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெண்ணிறக் கூகை ஒரு முறைக்கு நான்கு முதல் ஏழு முட்டைகள் வரை இடுகிறது. ஒரு பொந்து கெட்டாலும் அதன் இனம் விரைவில் ஈடு செய்துகொள்ளும். காட்டுக் கொம்பன் ஆந்தையின் பேரேட்டில் வரவுப் பக்கத்தில் ஒரு பருவத்திற்கு ஒரு வரி மட்டுமே. அந்த முட்டை உடைந்தால் அவ்வரியும் இல்லை. அதன்றியும், இவ்வளவு பெரிய பறவை நுழைந்து அமரத்தக்க பொந்து இளமரத்தில் உண்டாகாது. ஒரு தான்றியோ ஆலோ முதுமையடைந்து, கிளை முறிந்து, உள்ளே உளுத்துப் பொந்தாவதற்கு நம்மைப் போன்ற இரு தலைமுறையினர் வேண்டும். வெட்டுவதற்கு ஒரு முற்பகல் போதும். பலகை வியாபாரியின் கண்ணுக்கு உபயோகமற்றதாகத் தோன்றும் உளுத்த மரமே இப்பறவைக்கு உபயோகமுள்ள மரம்.

கொம்பு பற்றிய செய்தியை இங்கே கூறுகிறேன். வட மாநிலங்களில் தீபாவளியை ஒட்டி மாந்திரீகச் சடங்குகளுக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கொடுமை உண்டு. 2010 ஆம் ஆண்டில் டிராபிக் இந்தியா என்னும் அமைப்பு இவ்வியாபாரத்தைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. இந்தியாவில் காணப்படும் 30 வகை ஆந்தைகளுள் 15 வகைகள் இவ்வாறு விற்கப்படுவதாக அதில் கண்டுள்ளது. 'காது' உள்ள பெரிய ஆந்தைக்கே மந்திர ஆற்றல் மிகுதி என்ற நம்பிக்கையால் அவற்றுக்கே அதிக விலை. இரண்டு இறகுக் கற்றைகளுக்காக ஓர் உயிர் போகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, ஆந்தைகள் அனைத்தையும் பிடிப்பதையும் கொல்வதையும் விற்பதையும் தடுக்கிறது. பறவையின் முட்டையையும் கூட்டையும் அழிப்பதும் அச்சட்டப்படி வேட்டையாடும் குற்றத்துள் அடங்கும் என்பதைப் பலர் அறியார்.

அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினரிடம் நான் பேசியபோது, பறவையின் பெருமையைக் கூறித் தொடங்கவில்லை. அவர்கள் தீர்மானத்தில் ஒரு குறை இருந்தது. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955, அமலில் உள்ள ஊர் அது. அங்கே சொந்த நிலத்து மரமாயினும் உரிய குழுவின் முன்அனுமதியின்றி வெட்டலாகாது. அனுமதி கோரி விண்ணப்பம் எதுவும் கோப்பில் இல்லை. வியாபாரியிடம் முன்பணம் பெறாதிருந்தது சங்கத்தின் நல்வினை.

செயலாளர் முகம் சுருங்கினார். "மரமும் விற்கக்கூடாது, ஆந்தையும் அலறும் என்றால், சங்கத்திற்கு அதனால் என்ன இலாபம்?" என்று கேட்டார். நேர்மையான கேள்வி. தான்றிக்காய் கடுக்காயோடும் நெல்லிக்காயோடும் சேர்ந்து திரிபலா ஆவதையும், நாட்டு மருந்துக் கடைகள் அதனை விலை கொடுத்து வாங்குவதையும் எடுத்துச் சொன்னேன். சங்க நிலத்தில் அம்மரமன்றி மேலும் இரண்டு தான்றிகள் நின்றன. அவற்றின் காய்கள் ஆண்டுதோறும் மண்ணில் கிடந்து மட்கின. அவ்விரு மரங்களின் காயைப் பொறுக்கி உலர்த்தி விற்கலாம். பொந்து மரத்தடிக்குக் குஞ்சு பறக்கும் வரை எவரும் போக வேண்டாம் என்றேன். பலகை விலைக்கு அது ஈடாகாது என்று பொருளாளர் கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கு சரியே. ஒரே ஆண்டைக் கொண்டு கணக்கிட்டிருந்தார் என்பது மட்டுமே என் ஆட்சேபம். குழுவினர் நெடுநேரம் விவாதித்தனர். இருவர் கடைசிவரை இணங்கவில்லை. அவர்களுள் ஒருவர் வீட்டில் முதிய தாயார் நோயுற்றிருந்தார். இரவுதோறும் அக்குரலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவரிடம் இறகைப் பற்றியும் கழுத்தெலும்பைப் பற்றியும் பேசுவது எளிதன்று. நானும் அதிகம் பேசவில்லை.

சித்திரை மாதத்தில் மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றேன். தீர்மானப் புத்தகத்தில் மர விற்பனை பற்றிய பொருளுக்கு எதிரே 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. ரத்து செய்யப்பட்டது என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். வரவுப் பக்கத்தில் தான்றிக்காய் என்ற தலைப்பில் சிறு தொகை ஒன்று பதிவாகியிருந்தது. இணங்காத அங்கத்தினரின் தாயார் உடல் தேறித் திண்ணையில் அமர்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் பெரியவர் என்னைப் பழைய பாறை மறைவிற்கு அழைத்துச் சென்றார். பொந்திற்கு மேலுள்ள கிளையில், கொட்டை நீக்கிய பருத்திப் பொதியைப் போல, வெளுத்த பறவைக் குஞ்சு ஒன்று அமர்ந்து எங்களையே பார்த்தது.

"மார்கழியிலிருந்து எத்தனை இரவு கூப்பிட்டிருக்கும், பெரியவரே?"

"எண்ணவில்லை, ஐயா. தை மாதத்தில் ஓயாமல் கூப்பிட்டது."

"மூன்று இரவுக் கணக்கு என்ன ஆயிற்று?"

அவர் சற்று நேரம் குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது வேறு ஆந்தையின் கணக்காக இருக்கும், ஐயா" என்றார்.